சபுரா டீச்சர் சொன்ன 'மாட்டேன்'

அன்று காலை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இறந்தவரைச் சொல்லும் மவுத் அறிவிப்பு வந்தது. "நமது முஹல்லாவைச் சேர்ந்த மர்ஹூம் காதர் முகைதீன் அவர்களின் மகளும், அபுதாகிர் அவர்களின் சகோதரியும், திருப்பத்தூர் இம்ரான் அவர்களின் மாமியாருமாகிய பெண்மணி வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸா இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் செய்யப்படும்." காதர் முகைதீனும் அபுதாகிரும் இம்ரானும் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். யாரோ பாவம் என்று நினைத்து, இன்னா லில்லாஹி சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் தோசை கல்லில் இருக்கும்போது கைபேசி அடித்தது. பழைய மாணவி ஒருத்தி. "டீச்சர், நம்ம பி.டி. டீச்சர் போயிட்டாகளாம் டீச்சர்" என்று அழுதாள்.

முந்தின நாள் மாலைதான் மருத்துவமனையில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த அறிவிப்பு அவரைப் பற்றியது என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அழுகை முதலில் வந்ததா கோபம் முதலில் வந்ததா என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. இறந்தவரை ஊருக்குச் சொல்லும் அறிவிப்பில் மூன்று ஆண்களின் பெயர் இருந்தது. இறந்தவர் பெயர் இல்லை. காரைக்குடியிலும் சுற்றுப்பட்டியிலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் பாதிப் பேரை அந்தப் பெண்மணி மைதானத்தில் ஓடவிட்டிருக்கிறார். சபுரா பேகம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நிமிர்ந்திருப்பார்கள்.

அந்தப் பெயரைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த மறு ஆண்டு அவர் உடற்கல்வி ஆசிரியையாக வந்தார். முஸ்லிம் வீட்டுப் பெண் பி.டி. டீச்சர் என்றதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரு தடவை எட்டிப் பார்த்தோம். சேலையை இழுத்துச் செருகி, முக்காட்டைப் பின்னுக்கு ஊசி குத்தி, கழுத்தில் விசிலோடு நின்றார். அந்த விசிலை அவர் அதிகம் ஊதி நான் பார்த்ததில்லை. அல்லாஹ் அவருக்குக் கொடுத்த குரல் அப்படி. நான் மாடியில் செய்யுள் நடத்திக்கொண்டிருப்பேன். கீழே மைதானத்தில் "கைய வீசி ஓடு புள்ள, காத்தப் பிடிக்கவா போறே!" என்று அவர் போடும் சத்தத்தில் என் வகுப்பே சிரித்துவிடும். நான் சன்னலைச் சாத்துவேன். அவர் மதியம் வந்து, "தமிழ் டீச்சர், உங்க சன்னல் சாத்துற சத்தத்துல எங்க புள்ளைக பயந்து போச்சுக" என்பார். ஒக்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையை அவர் மாவட்டப் போட்டிவரை கொண்டுபோய் ஓட வைத்தது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பிள்ளைக்குச் செருப்பே கிடையாது. காலணிக்கு வழி பண்ணிவிட்டு, "ஓடத் தெரிஞ்சவளுக்கு நிக்கக் கத்துக்குடுக்குறதுதான் கஷ்டம்" என்று சொன்னார்.

அவருடைய நிக்காஹ்வுக்கு நான் போயிருந்தேன். மாப்பிள்ளை மலேசியாவில் கடை வைத்திருப்பவர். பெயர் சிக்கந்தர். எங்கள் வழக்கப்படி பெண் ஆண்கள் இருக்கும் சபைக்கு வருவதில்லை. பெண்ணின் சார்பில் ஒருவரும் இரண்டு சாட்சிகளும் அவள் இருக்கும் அறைக்கு வந்து, மாப்பிள்ளை தரும் இன்ன மகரில் இன்னாரை மணக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். அவள் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டாலும் செல்லும். அன்று அறை வாசலில் வந்து கேட்டார்கள். முக்காட்டுக்குள் சபுரா டீச்சர் தலையை நிமிர்த்தியதை நான் பார்த்தேன். அதற்குள் அவருடைய பெரியம்மா, "சம்மதம்ங்குது, போங்க போங்க, அங்க சோறு ஆறுது" என்று அனுப்பிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பல மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னார். "அன்னைக்கு நான் வெக்கத்துல பேசாம இருக்கலை டீச்சர். ஒண்ணு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். நான் வேலைக்குப் போறது மாப்பிள்ளைக்குத் தெரியுமா, சரின்னு சொல்லிட்டாகளான்னு. கேக்குறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாக."

மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் சரி என்று சொல்லியிருக்கவில்லை. கல்யாணம் முடிந்து மலேசியா போனவர் நாலே மாதத்தில் முதல் விடுப்பில் வந்தபோது அவர் சபுரா டீச்சரிடம் ஒன்றும் பேசவில்லை. நேரே எங்கள் தலைமை ஆசிரியையிடம் வந்து, "இனிமே எங்க வீட்டுல அனுப்ப மாட்டோம், வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார். எங்கள் தலைமை ஆசிரியை கறாரானவர். "அதை அவங்க வந்து சொல்லட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மைதானத்தில் பிள்ளைகளோடு நின்ற சபுரா டீச்சருக்கு இது தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மாமியார் சன்னல் வழியாக, "வேலையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு உள்ள வா" என்றாராம். அப்போது அவர் வயிற்றில் மகள் ஐந்து மாதம். அங்கிருந்து தாய்வீட்டுக்கு வந்தவர்தான், திரும்பப் போகவில்லை.

கணவன் சொல்லி விலக்குவது தலாக். மனைவி தானே கேட்டு விலகுவதற்குக் குலா என்று பெயர். மார்க்கம் இரண்டையும் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் முதலாவதை மனப்பாடமாக வைத்திருந்தது, இரண்டாவதை மறந்துவிட்டது. மகள் நிலோபர் பிறந்து தவழத் தொடங்கியபோது சபுரா டீச்சர் பள்ளிவாசல் ஜமாத்தில் குலா கேட்டார். அப்போதும் அவர் கணவர் தலாக் சொல்லவில்லை. வாழவும் கூப்பிடவில்லை, விடவும் இல்லை.

விசாரணை பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நடக்கும். பெண் அங்கே வரக்கூடாது. ஒட்டினாற்போல் பிள்ளைகள் ஓதும் மதரஸா அறை. அதன் சன்னலில் ஒரு சீலை கட்டி, அதற்கு இப்பால் சபுரா டீச்சரை உட்கார வைப்பார்கள். துணைக்கு நான். மடியில் குழந்தை. அந்தப் பக்கம் ஜமாத்தார், அவர்களோடு தம்பி அபுதாகிர். தம்பிக்கு எப்படியாவது அக்கா போய் வாழ்ந்தால் போதும் என்று இருந்ததால், நடுவில் பேச்சைக் கொண்டு கொடுக்க, தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் மோதினார் பீர் முகம்மது பாயை வைத்தார்கள். அவர் பாங்கு சொன்னால் வழியில் போகிறவர்கள் நிற்பார்கள். பூனையை விரட்டுவதற்குக்கூட 'போங்க' என்று சொல்லும் மனிதர்.

அதுதான் வினையாயிற்று. சபுரா டீச்சர் இங்கே, "அவரோட என்னால வாழ முடியாது. வேலையையும் விட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புவார். அங்கே மோதினார், "மனசு ரொம்ப சங்கடத்துல இருக்காக" என்பார். அங்கே ஜமாத் தலைவர், "பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது, அடங்கிப் போகச் சொல்லு" என்று சத்தம் போடுவார். இங்கே வந்து மோதினார், "எல்லாரும் உங்களுக்காக துஆ செய்றாகம்மா" என்பார். ஒரு கடுமையான சொல் அவர் வாயிலிருந்து வராது. அதனால் அந்தப் பக்கம் இவர் இளகுகிறார் என்று நினைத்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் அவர்கள் இளகுகிறார்கள் என்று நினைத்தோம். இப்படியே உட்கார்வதும் கலைவதுமாக ஓடியது. நிலோபர் அந்த மதரஸா அறையில் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

கடைசி விசாரணையில் சபுரா டீச்சர் பொறுமை போய், "அவரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நான் போக மாட்டேன்னு சொல்லிருங்க பாய்" என்றார். மோதினார் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவேளை முடித்துவிட்டார்களோ என்று சபுரா டீச்சர் என் கையைப் பிடித்தார். 

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு நாங்கள் இருவரும் அவர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் வாசலில் இரண்டு கார். உள்ளே தாம்பாளங்களில் பழமும் பூவும் இனிப்பும். மலேசியாவிலிருந்து சிக்கந்தர் வந்திருந்தார். அவருடைய அம்மா, அத்தைமார் எல்லோரும் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்கு விசேசம்?" என்று சபுரா டீச்சர் தம்பியைக் கேட்டார்.

"ஒன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காக லாத்தா" என்றார் அபுதாகிர். "நீதானே அவரு வந்தா சரின்னு சொல்லி அனுப்புனே?"

 சபுரா டீச்சர் கைப்பையைக்கூட வைக்காமல் திரும்பி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நேரே பள்ளிவாசல். சாயங்கால அஸர் தொழுதுவிட்டுப் பெரியவர்கள் தாழ்வாரத்தில் இருந்தார்கள், சேர்த்து வைத்த திருப்தியில். சபுரா டீச்சர் அந்த மதரஸா அறைக்குள்ளேயே போனார். சன்னலில் சீலை அப்படியே தொங்கியது. அதை அவர் விலக்கவில்லை. அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் ஊரில் அவர் சபைக்குள் புகுந்துவிட்டார், முக்காட்டை எறிந்துவிட்டார் என்றெல்லாம் கதை கட்டினார்கள். அவர் எப்போதும் உட்காரும் இடத்தில், சீலைக்கு இப்பால் நின்றுதான் பேசினார். மைதானத்துக் குரலில்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் சபுரா பேகம் பேசுறேன். இடையில ஆள் வேண்டாம். என் நிக்காஹ்வுக்கு நான் வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லவே இல்லை. எங்க பெரியம்மா சொன்னாக. அதை நீங்க ஏத்துக்கிட்டீக. இப்ப நானே வாயத் தொறந்து மாட்டேன்னு சொல்றேன். இதை மட்டும் ஏன் ஏத்துக்க மாட்டேங்குறீக? நான் அவரோட போக மாட்டேன். எனக்குக் குலா வேணும்."

எதிர்ச்சாரி டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. தாழ்வாரத்தில் யாரோ, "பள்ளிவாசல்ல பொம்பளைச் சத்தம் கேக்குது, என்ன அநியாயம் இது" என்றார். அதற்கு மேல் ஒரு குரல். தொழுகை நடத்த அப்போது புதிதாக வந்திருந்த எங்கள் இளம் ஹஜ்ரத். "சலாம் சொல்லியிருக்காக. மொதல்ல பதில் சலாம் சொல்லுங்க. மத்ததைப் பெறகு பேசுவோம்" என்றார். ஒவ்வொருவராக வ அலைக்கும் ஸலாம் சொன்னார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சிக்கந்தர் பிடி கொடுக்கவில்லை. மலேசியாவுக்குப் போய் அங்கே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். அது ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். இவருடைய விடுதலைக்கு மேலும் இரண்டு வருடத்து நோன்பு கடந்தது. மகராக வந்த சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் குலா கிடைத்தது. அந்த ஹஜ்ரத்தையும் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

பீர் முகம்மது பாய் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார். "அவ்வளவு பெரிய மனுசங்க முன்னாடி மாட்டேன்ங்குற வார்த்தை எனக்கு வாயில வரலைம்மா. உங்களுக்கு நல்லது செய்றதா நினைச்சுத்தான்…" என்று கலங்கினார். சபுரா டீச்சர் சிரித்துவிட்டார். "பரவாயில்லை பாய். பாங்கை மட்டும் மாத்திச் சொல்லிராதீக" என்றார். அவர் கடைசிவரை பாய் மேல் கோபம் வைக்கவில்லை. எனக்குத்தான் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

அதற்குப் பிறகான வருடங்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. நானும் அதிகம் யோசித்ததில்லை, அவரே சொல்லும்வரை. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்க அவரைக் கூப்பிட மாட்டார்கள். தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை, அதிலேயே மகளை வளர்த்தார். பெருநாளைக்கு வாசலோடு தட்டை வாங்கிக்கொண்டு அனுப்பும் வீடுகள் இருந்தன. பள்ளியில் அவர் சத்தம் குறையவே இல்லை. குன்றக்குடிப் பக்கம் ஒரு விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது பஸ் முழுக்க அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்று தலாக்கைப் பற்றி நாடே பேசிய நாட்களில் தொலைக்காட்சிக்காரர்கள் சிலர் எப்படியோ விசாரித்து அவரைத் தேடி வந்தார்கள். மைக்கை நீட்டி, உங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் சொன்னது: "தலாக்கு சொல்றவனைப் பத்தி எல்லாரும் கேக்குறீக. சொல்லாம இழுத்தடிக்கிறவனைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே. எல்லா மதத்துலயும் கோர்ட்டு வாசல்ல பொம்பளைக நிக்கிறாகளே, அங்குட்டும் இந்த மைக்கைக் கொண்டு போவீகளா?" அது ஒளிபரப்பாகவில்லை. அவர்கள் எதிர்பார்த்து வந்த பேச்சு அது இல்லை.

இதற்குள் காலம் நிறைய மாறியது. எங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழ மாடி கட்டினார்கள். ஜமாத்துக்கு வாட்ஸ்அப் குழு வந்தது. தலைவர் இப்போது இன்ஜினியர். வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகள் பட்டதாரிகள். நிலோபர் பல் டாக்டருக்குப் படித்தாள். மாப்பிள்ளை இம்ரானும் நன்றாகப் படித்தவன். திருப்பத்தூரில் வீடு, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பான்.

மகளின் நிக்காஹ்வை நடத்திக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்குத்தான். ஒரு நாள்கூடத் தூக்கி வளர்க்காத சிக்கந்தர் மலேசியாவிலிருந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து கைகொடுத்தார். நான் பொருமினேன். சபுரா டீச்சர், "போகட்டும் டீச்சர், சம்மதம் கேக்குற இடம் நம்ம கையில இருக்குல்ல" என்றார். சம்மதம் கேட்க வந்தார்கள். சின்னம்மா முறையுள்ள ஒரு சாச்சி வழக்கம்போல் வாயெடுத்தார். "சாச்சி, உங்களைக் கேக்கலை" என்றார் சபுரா டீச்சர். மகளைப் பார்த்து, "ஏதாச்சும் கேக்கணும்னா இப்பக் கேளு. எம்புட்டு நேரம் ஆனாலும் சோறு ஆறட்டும்" என்றார். நிலோபர் வாசலைப் பார்த்து நிமிர்ந்து, "எனக்குச் சம்மதம்" என்று தெளிவாகச் சொன்னாள். சபுரா டீச்சர் அழுது நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழிந்து நிலோபர் ஒரு பையோடு வந்தாள். வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள், கைபேசியை வாங்கிப் பார்க்கிறார்கள், அங்கே இருக்க முடியவில்லை, எனக்குக் குலா வேண்டும் என்றாள். நான் அப்போது அங்கே இருந்தேன். இந்த ஊரிலேயே அந்தச் சொல்லை அந்தப் பெண் சொல்லத் தகுந்த இடம் அது ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சபுரா டீச்சர் மகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "கொஞ்சம் பொறு நிலோ. எனக்குன்னா அடுத்தவக சொன்ன சம்மதம். நீ நீயே வாய்விட்டுச் சொன்ன கல்யாணம். பொறுத்துப் பாரு" என்றார்.

 நிலோபர் அன்று மாலையே மாமியார் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் கடுமையாகச் சண்டை போட்டேன். "நீங்களா இதைச் சொல்லுறீக? அந்தத் தாழ்வாரத்துல உக்காந்திருந்தவுகளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க எல்லாருக்கும் நான் அன்னைக்குப் போட்ட சத்தம்தான் ஞாபகம் இருக்கு டீச்சர். அதுக்குப் பெறகு அந்த மாடி அறையில முப்பது வருசம் ஒரு சத்தமும் இல்லாம இருந்தது எனக்குத்தான் தெரியும். அது என் புள்ளைக்கு வேணாம்னு பயந்துட்டேன்" என்றார். எனக்கு ஆறவில்லை. சில மாதம் அந்தப் பக்கம் போகாமலே இருந்தேன். அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் அது அவராக இருக்காது. பயம் அவருக்கும் இருந்தது, அந்தப் பயத்தை ஊர்தான் அவருக்குக் கொடுத்தது.

சென்ற பெருநாளுக்கு நிலோபர் கணவனோடு வந்தாள். தாயிடம் பேச்சு அளவோடுதான். வலது மணிக்கட்டில் கட்டு. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றாள். இரவு சபுரா டீச்சர் எனக்குப் போன் செய்தார். மாதக்கணக்கில் பேசாத பிறகு முதல் அழைப்பு. "வாழ்நாள் பூரா விழுந்த புள்ளைகளுக்குக் கட்டுப் போட்டிருக்கேன் டீச்சர். விழுந்த கைக்கும் முறுக்குன கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்றார்.  அடுத்தடுத்து மகளுக்குப் போன் செய்தார். எடுப்பது மாமியார்தான், அவள் குளிக்கிறாள், தொழுகிறாள் என்று வைத்துவிடுவார். நேரில் போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பிய காலையில்தான் நெஞ்சுவலி வந்தது.

மருத்துவமனையில் கடைசி மாலை நான் மட்டும் இருந்தேன். நிலோபரை அதற்கு முந்தின நாள் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்கள், மாமியார் பக்கத்திலேயே நின்றாராம். சபுரா டீச்சர் என்னை அருகே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. "நான் எந்திரிக்க நாளாகும் போல. நீங்க ஒரு எட்டு திருப்பத்தூர் போயி நிலோகிட்டச் சொல்லிருங்க. பொறுன்னு நான் சொன்னது தப்பு. பொறுக்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு வந்துரு." நாளைக்கே போகிறேன் என்றேன். "எல்லாரும் இருக்கையிலயே சொல்லுங்க. ஒளிச்சுச் சொன்னீகன்னா அவளுக்கு வெளிய வர வழி கிடைக்காது" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் நான் போனது திருப்பத்தூருக்கு இல்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மைதானத்து வெயிலில் கறுத்த அந்தப் பாதங்களை என் கையால் கழுவினேன். வாசலில் பழைய மாணவிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கோவிலூரிலிருந்து, தேவகோட்டையிலிருந்து, பொட்டு வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும். அஸருக்குப் பிறகு ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அபுதாகிர் முன்னால், இம்ரான் ஒரு தோள் கொடுத்து. நாங்கள் வழக்கப்படி வீட்டிலேயே நின்றோம்.

கூடம் நிறையப் பெண்கள். நிலோபர் சுவரோரம் ஓதிக்கொண்டிருந்தாள். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. அவளுடைய மாமியார் எழுந்து, "ஆம்பளைக திரும்புனதும் கிளம்பிருவோம். மூணாம் நாள் பாத்திஹா ஓத வந்துக்கலாம். நிலோவும் அப்படித்தான் சொல்லுது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நிலோபர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

 வகுப்பைத் தவிர வேறெங்கும் எழுந்து நின்று பேசியவள் இல்லை நான். துக்க வீடு, ஓதிக்கொண்டிருக்கிறார்கள், நாலு நாள் கழித்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. எழுந்து நின்றேன்.

"நிலோபர், உங்கம்மா நேத்து உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாக. எல்லாரும் இருக்கையிலயே சொல்லச் சொன்னாக. பொறுன்னு நான் சொன்னது தப்பு. பொறுக்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு வந்துரு. இவ்வளவுதான்."

ஓதுகிற சத்தம் நின்றுவிட்டது. "மய்யித்து வீட்டுல பேசுற பேச்சா இது?" என்று மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.  நிலோபர் என்னையே பார்த்தாள்.

"அம்மா தப்புன்னு சொன்னாகளா? அந்த வார்த்தையவே சொன்னாகளா?"

"அந்த வார்த்தையவேதான் சொன்னாக."

அவள் குர்ஆனை மூடி முத்தமிட்டு உயரத்தில் வைத்தாள். வாசலுக்குப் போனாள். மாமியார் வீட்டுக் காரின் பின்கதவைத் திறந்து, கட்டுப் போடாத கையால் தன் பையை வெளியே இழுத்தாள். கனமான பை. வாசலில் நின்றிருந்த பழைய மாணவி ஒருத்தி ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை மாடிக்குக் கொண்டுபோனார்கள். படிகளில் அது இடித்து இடித்து ஏறும் சத்தத்தைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனி ஜமாத், விசாரணை, இம்ரானின் பதில் எல்லாம் இருக்கின்றன. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக முடியும் என்று தெரிந்ததுபோல் சொல்லி, இறந்துபோனவருக்கு ஆறுதல் கூறும் வயதும் எனக்கு இல்லை.

சபுரா டீச்சர், நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். உங்கள் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நீங்கள் போய் வாருங்கள்.